காற்றை முந்தும் பாய்: பந்தயப் படகு ஓடுவது எப்படி, இனி அது எங்கே போகும்?

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக் கல்சுவரில் உட்கார்ந்து என் தங்கை மகன் போனில் படகுப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். படகின் உடல் தண்ணீரைத் தொடவே இல்லை. கத்தி போல ஏதோ ஒன்று மட்டும் நீரைக் கிழித்துக்கொண்டு வர, மேலே மொத்தப் படகும் பறந்தது. திரையின் ஓரத்தில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அடியில மோட்டார ஒளிச்சு வச்சிருப்பாய்ங்க மாமா" என்றான். "எண்பதுல காத்து அடிச்சா கடல் இப்படியா சும்மா கெடக்கும்? கரையில அந்தக் கொடியப் பாருங்க, லேசாத்தான் ஆடுது."

கொடியைக் கவனித்தானே, அதுவே பெரிது. காற்று லேசாகத்தான் அடிக்கிறது. படகு அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போகிறது. உந்தித் தள்ளும் மோட்டார் எதுவும் கிடையாது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை.

கடல் பார்க்காத ஊர் நம்முடையது. நீர்மேல் ஓடும் பெரிய வாகனம் என்றால் நமக்குத் தைப்பூசத் தெப்பம்தான். அது வடம் பிடித்து இழுக்க ஓடும். அதனால் பாய்மரப் படகு என்றதும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எதிர்க்காற்றில் போகாது என்றும், காற்றின் வேகத்தைத் தாண்ட முடியாது என்றும் அதிலிருந்தே முடிவு கட்டிவிடுகிறோம். உலக சாம்பியன் மாலுமிகள் அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டும் மேடைகளில் ஏறிப் பந்தயத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது, இந்தத் தப்பெண்ணத்தோடு கேட்பவருக்கு அது மாயாஜாலமாகத்தான் ஒலிக்கும். அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

## பஸ் ஜன்னலில் நீட்டிய கை

மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டாத பிள்ளை உண்டா? கண்டக்டர் திட்டுவார், இருந்தாலும் நீட்டியிருப்போம். உள்ளங்கையைக் காற்றுக்கு நேரே காட்டினால் கை பின்னால் போகிறது. கையைத் தட்டையாக்கி, கட்டைவிரல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினால், கை பின்னால் போவதைவிட அதிகமாக மேலே எழும்புகிறது. காற்று வருவது முன்னாலிருந்து; கை போவதோ மேல்நோக்கி.

சாய்ந்திருக்கும் கை, வரும் காற்றைக் கீழ்ப்பக்கமாக வளைத்து அனுப்புகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று கையை மேலே தள்ளும். கைக்கு மேற்புறம் அழுத்தம் குறைந்தும் கீழ்ப்புறம் கூடியும் இருக்கும். இப்படி, ஓடும் காற்றையோ நீரையோ ஒரு பரப்பு வளைக்கும்போது, அந்த ஓட்டத்துக்குக் குறுக்காகப் பிறக்கும் விசைக்குத் தூக்குவிசை என்று பெயர். 'தூக்கு' என்று இருந்தாலும் அது எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தினால் அந்த விசை பக்கவாட்டில் இழுக்கும். அப்படி நிமிர்த்தி வைத்த இறக்கைதான் பாய்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இறக்கையின் மேற்புறம் நீளம் அதிகம், அதனால் மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் ஒன்றுசேர வேகமாக ஓடுகிறது என்று பலருக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பிழை. மேலே போன காற்று கீழே போன காற்றுக்காகக் காத்திருப்பதும் இல்லை, இரண்டும் ஒன்றாகச் சேர்வதும் இல்லை. பாய் வெறும் துணி. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம். அந்த விளக்கம் சரியாக இருந்தால் எந்தப் பாயும் இழுக்காது. காற்றை வளைப்பதுதான் வேலை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

## எலுமிச்சை விதையும் முறமும்

பாயில் பிறக்கும் விசை படகைப் பெரும்பாலும் பக்கவாட்டிலும், கொஞ்சமே முன்னாலும் இழுக்கும். அப்படியானால் படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போக வேண்டுமே?

அதைத் தடுப்பது நீருக்குள் இருக்கிறது. கண்மாயில் இறங்கி ஒரு முறத்தை நீருக்குள் நட்டுப் பிடித்து, அதன் முகம் முன்னே இருக்கும்படி தள்ளிப் பாருங்கள், கை வலிக்கும். விளிம்பு முன்னே இருக்கும்படி தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். பாய்மரப் படகின் அடியில் இப்படி ஒரு பலகை நீருக்குள் இறங்கி நிற்கிறது. இதை அடிப்பலகை என்று வைத்துக்கொள்வோம். படகின் நீளவாக்கில் இருப்பதால் முன்னே போக அது தடை சொல்லாது; பக்கவாட்டில் நகர விடாது. படகின் அடிமுதுகெலும்புக்கு நம் கப்பல்காரர்களிடம் ஏரா என்ற பழைய சொல் உண்டு. அடிப்பலகை அந்த முதுகெலும்பிலிருந்து கீழே நீண்ட பகுதி.

இப்போது எலுமிச்சை விதை. ஈரமான விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் சட்டென்று பறக்கும். இரண்டு விரலும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. விதையோ முன்னே பாய்கிறது. ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் நீர். பாய் ஒரு பக்கம் அழுத்த, அடிப்பலகை மறுபக்கம் தாங்க, நடுவில் மாட்டிய படகுக்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி முன்பக்கம்.

ஆகவே பாய்மரப் படகுக்குக் காற்று மட்டும் போதாது. காற்று ஒரு வேகத்திலும் நீர் வேறொரு வேகத்திலும் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் அதன் எரிபொருள். காற்றும் நீரும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் ஓடும் இடத்தில் உலகின் சிறந்த மாலுமியும் கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

## எதிர்க்காற்று: கொடைக்கானல் பாதை

எதிர்க்காற்றுக்கு நேராக எந்தப் பாய்மரமும் போகாது. மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளுமே தவிர இழுக்காது. சாதாரணப் படகுகளில் காற்று வரும் திசையின் இரு பக்கமும் சுமார் 40, 45 பாகை வரை போகமுடியாத பகுதி.

ஆனால் அந்தப் பகுதியின் விளிம்பை ஒட்டிச் சாய்வாகப் போகலாம். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும் பஸ் மலை மேல் நேராக ஏறுகிறதா? இடப்பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம், கொண்டை ஊசி வளைவில் திரும்பி வலப்பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம். எந்த ஒரு துண்டும் உச்சியைப் பார்த்து இல்லை. இருந்தாலும் கடைசியில் உச்சிக்குப் போய்விடுகிறோம். எதிர்க்காற்றில் படகும் இதே மாதிரித்தான் ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் காற்று பாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும். பந்தயத்தில் பாதி வெற்றி அந்த வளைவுகளில்தான் இருக்கிறது. திரும்பும் நேரத்தில் பாய் இழுப்பதில்லை, வேகம் விழுகிறது; அடிக்கடி திரும்பினால் நஷ்டம். திரும்பாமலே போனால், காற்று நல்லபடி வீசும் பக்கத்தை எதிராளி பிடித்துக்கொள்வான்.

## வண்டி ஓட்டும்போது பிறக்கும் காற்று

தங்கை மகனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காற்றே இல்லாத காலையில் திருமங்கலம் நான்குவழிச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினால் முகத்தில் காற்று அடிக்கிறது. அந்தக் காற்றை உண்டாக்கியது நம் வேகம். இப்போது ஆடி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று பக்கவாட்டில், இடது காதில் அடிக்கிறது. வண்டி நிற்கும்போது காதில் அடித்த அதே காற்று, ஓட ஓட கன்னத்துக்கு வரும், பிறகு மூக்குக்கு நகரும், கூடவே பலமாகவும் தெரியும். உண்மைக் காற்றும் நம் ஓட்டத்தால் பிறந்த காற்றும் கலந்து, ஓடுபவர் மேல் படும் இந்தக் காற்றை உணர்காற்று என்று சொல்லலாம்.

கணக்கு எளிது. காற்று பக்கவாட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர். படகும் 20 கிலோமீட்டரில் போனால் பாயின் மேல் படும் உணர்காற்று 20 இல்லை, சுமார் 28 கிலோமீட்டர். படகு 40ஐ எட்டினால் உணர்காற்று சுமார் 45 ஆகிவிடும். கரையில் கொடியை ஆட்டுவது 20 கிலோமீட்டர் காற்று. பாயை இழுப்பது 45 கிலோமீட்டர் காற்று. ஓட்டம் காற்றைக் கூட்டுகிறது, கூடிய காற்று ஓட்டத்தைக் கூட்டுகிறது.

இது முடிவில்லாமல் போகாது. வேகம் கூடக்கூட உணர்காற்று முன்பக்கமாக நகர்ந்துகொண்டே வரும். பாய் இழுக்கும் விசையில் முன்னோக்கிய பங்கு குறையும். நீரின் இழுவையும் காற்றின் இழுவையும் ஏறும். இழுப்பும் தடையும் சமமாகும் இடத்தில் வேகம் நின்றுவிடும். படகின் வடிவமைப்பு என்பதே அந்த இடத்தை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கலாம் என்கிற போராட்டம்தான்.

நம்ப முடியவில்லை என்றால் தேனி போகும் வழியில் ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். தூரத்திலிருந்து சோம்பலாகச் சுற்றுவது போலத் தெரியும். மணிக்கு 30, 40 கிலோமீட்டர் காற்றில் பெரிய காற்றாலையின் இறக்கை நுனி 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அந்த நுனி காற்று போகும் திசையில் போகவில்லை. காற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அச்சில் கட்டிப்போட்ட பாய் வட்டமாக ஓடினால் காற்றாலை, அவிழ்த்துவிட்ட பாய் நேராக ஓடினால் பந்தயப் படகு. "காற்றைவிட வேகமாகப் போக முடியாது" என்று சொல்பவர்கள் வீட்டில் எரியும் விளக்கே அந்தக் கூற்றை மறுத்துக்கொண்டிருக்கலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். காற்று முழுக்கப் பின்னாலிருந்து வீசினால் அதுதான் மோசமான நிலை. 20 கிலோமீட்டர் காற்றில் படகு 20ஐ நெருங்கும்போது பாய்க்குக் காற்றே தெரியாது. கூடவே நடந்து வரும் ஆள் நம்மைத் தள்ள முடியாது அல்லவா, அப்படி. அதனால் வேகப் படகுகள் பின்காற்றிலும் நேராகப் போவதில்லை. அங்கேயும் வளைந்து வளைந்து, காற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் இறங்குகின்றன. சுற்றுவழி போனாலும் நேர்வழியில் வருபவனை முந்திவிடும்.

நீரின் இழுவை அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் என்ற வறண்ட உப்பு ஏரியில், சக்கரம் வைத்த பாய்மர வண்டியை நியூசிலாந்து அணியின் கிளென் ஆஷ்பி மணிக்கு 222.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அப்போது வீசிய காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுதான். ஐந்து மடங்குக்கும் மேல்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பாய் ஒரு நிமிர்ந்த இறக்கை, அடிப்பலகை பக்கவாட்டு நகர்வைத் தடுத்து அதை முன்னோட்டமாக மாற்றுகிறது, ஓட ஓட உணர்காற்று கூடுகிறது. படகின் வேகத்துக்கு வேலி போடுவது காற்றைவிட, தண்ணீர்தான்.

## தண்ணீரை விட்டு எழுந்த படகு

இடுப்பளவு தண்ணீரில் ஓடிப் பார்த்தவருக்குத் தெரியும். கரைமேல் ஏறிவிட்டால் அதே கால் பறக்கும். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. பல நூறு ஆண்டுகளாகப் படகு கட்டுபவர்கள் உடலை ஒல்லியாக்கி, வழவழப்பாக்கி அந்தத் தடையோடு மல்லுக்கட்டினார்கள். உடலையே தண்ணீரைவிட்டு எடுத்துவிட்டால் என்ன என்பதுதான் இப்போது நடக்கும் புரட்சி.

அதைச் செய்யும் உறுப்பை நீர்ச்சிறகு என்று சொல்கிறேன். படகுக்கு அடியில், நீருக்குள், படுக்கைவாக்கில் இருக்கும் சிறிய இறக்கை அது. பஸ் ஜன்னலில் நீட்டிய கை காற்றில் எழும்பியது போல, வேகம் வந்ததும் இந்தச் சிறகு நீரில் எழும்பும். மேலே உள்ள படகையும் தூக்கிக்கொண்டு எழும்பும். நீர் அவ்வளவு அடர்த்தி என்பதால் சிறகு சிறியதாக இருந்தாலே போதும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். இங்கே ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள படகு, சாதாரணக் கடற்காற்றில், இரண்டு மூன்று சின்னச் சிறகுகளின் மேல் பறக்கிறது.

யோசனை பழையது. மோத் என்ற ஒற்றையாள் சிறு படகுகளில் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இது நடைமுறைக்கு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது அமெரிக்கா கோப்பையில்தான். 1851ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் வென்ற 'அமெரிக்கா' என்ற படகின் பெயரால் வந்த கோப்பை அது. நாட்டின் பெயரால் இல்லை. 132 ஆண்டுகள் அமெரிக்கர்கள் கையிலிருந்து அகலாமல் இருந்து, 1983ல் சிறகு வைத்த அடிப்பலகையோடு வந்த 'ஆஸ்திரேலியா 2' படகிடம் போனது. 2012ல் நியூசிலாந்து அணி தன் 72 அடிப் படகை நீர்மேல் பறக்கவிட்டது. மறுவருடம் சான்பிரான்சிஸ்கோவில் இரண்டு பறக்கும் படகுகள் மோதின. 8க்கு 1 என்று நியூசிலாந்து முன்னணியில் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். அமெரிக்க அணி அடுத்தடுத்து எட்டுப் பந்தயங்களை வென்று 9க்கு 8 என்று கோப்பையைத் தக்கவைத்தது. நியூசிலாந்து அதை 2017ல் வென்று, 2021லும் 2024லும் காத்துக்கொண்டது.

அந்த 72 அடிப் படகுகள் இரட்டை உடல் கொண்டவை. உலகம் அவற்றைக் 'கட்டமரான்' என்கிறது. நம் கட்டுமரம் என்ற சொல்லே அது. பெருமைதான். ஆனால் இரட்டை உடல் வடிவமும் நம்முடையது என்று பரவும் பேச்சு சரியில்லை. கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இரண்டு உடலை இணைத்துக் கடல் கடந்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது.

## கொதிக்கும் கடல்

பறந்துவிட்டால் வேகத்துக்கு எல்லையே இல்லையா? இருக்கிறது. அதுவும் கொடைக்கானலில் சோறு வேகாத கதைதான்.

மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதிக்கும். நீர்ச்சிறகின் மேற்புறம் அழுத்தம் குறைகிறது என்று பார்த்தோம். வேகம் சுமார் 50 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு; 1 நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர்) அளவை நெருங்கும்போது அங்கே அழுத்தம் அவ்வளவு விழுந்துவிடுகிறது, குளிர்ந்த கடல்நீர் சிறகின் மேலேயே கொதித்து நீராவிக் குமிழிகளாகிறது. இதற்குக் குமிழிப்பு என்று பெயர். குமிழி பிடித்த சிறகு நீரைச் சரியாக வளைக்காது; தூக்குவிசை குலைந்து படகு பொத்தென்று விழலாம்.

குமிழிப்பைத் தடுக்க முடியாது, அதோடு ஒத்துப்போகும்படி சிறகைச் செதுக்குவோம் என்று ஒரு அணி முடிவு செய்தது. 2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில், 'செயில்ராக்கெட் 2' என்ற படகில் ஆஸ்திரேலியரான பால் லார்சன் 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 65.45 நாட் வேகத்தில் கடந்தார். மணிக்கு 121 கிலோமீட்டர். அந்தப் படகு நேர்கோட்டில் ஓடத்தான் லாயக்கு. வளைந்து திரும்பிப் பந்தயம் ஓட அதனால் முடியாது. பந்தயப் படகுகள் இன்னும் 50 நாட் வேகத்தைச் சுற்றித்தான் போராடுகின்றன. செயில்ஜிபி பந்தயத் தொடரின் படகுகள் மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற கோட்டைத் தொட்டுவிட்டன.

## இனி என்ன?

'எதிர்காலம்' என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட மற்ற மாற்றங்கள் பெரிதாகப் படுகின்றன.

பறப்பது இனி கோடீஸ்வரர்களின் விளையாட்டு மட்டும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்செயில் கடலில் நடந்தன. மொத்தம் 10 பிரிவுகளில் 5 நீர்ச்சிறகு வைத்தவை. தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தின் முதல் பதிப்பை 1990ல் வென்றவருக்கு 109 நாள் ஆனது. 2025 ஜனவரியில் ஷார்லி தலான் 64 நாளில் சுற்றி வந்துவிட்டார். இடையில் வானிலைக் கணிப்பும் படகின் உடலும் எவ்வளவோ முன்னேறின. சிறகுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்கா கோப்பையில் ஒவ்வொரு அணியும் தன் படகைத் தானே வடிவமைக்கிறது. பெரிய பணப்பை பாதிப் பந்தயத்தைக் கரையிலேயே வென்றுவிடும். 2019ல் தொடங்கிய செயில்ஜிபி இதற்கு மாறான வழியில் போகிறது. எல்லா அணிக்கும் ஒரே மாதிரிப் படகு. ஓட்டத்தின்போது பதிவாகும் தகவல்களும் எல்லோருக்கும் பொது. யார் எப்படித் திருப்பினார், எந்த நொடியில் சிறகைச் சாய்த்தார் என்பதைத் தோற்றவர் மறுநாளே பார்த்துப் படிக்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். தொழில்நுட்பம் வளர முதல் வழியும் வேண்டும். ஆனால் மனிதத் திறமையைப் பார்க்க இரண்டாவதே நல்லது.

பந்தயத்தில் பிறந்தது சரக்குக் கப்பலுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. 2010 அமெரிக்கா கோப்பையை வென்ற படகில் துணிப் பாய்க்குப் பதில் விமான இறக்கை போன்ற விறைப்பான பாய் நின்றது. அதே வழிவந்த நான்கு பாய்களோடு 'கனோப்பே' என்ற கப்பல், ஏரியன் 6 ராக்கெட்டின் பாகங்களை ஐரோப்பாவிலிருந்து பிரெஞ்சு கயானாவுக்குச் சுமந்து போகிறது. ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற பிரிட்டன் மாலுமி பென் ஐன்ஸ்லியின் பந்தய அணியிலிருந்து கிளைத்த நிறுவனம் வடிவமைத்த, 37.5 மீட்டர் உயரப் பாய்கள் இரண்டு, 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பலில் 2023ல் ஏறின. இவை இயந்திரத்தை நிறுத்திவிடவில்லை. எண்ணெய்ச் செலவைக் குறைக்கின்றன. என்றாவது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இப்படியொரு கப்பல் வந்து நின்றால், அதன் பாய் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேகத்துக்கு விலையும் உண்டு. 2013 மே 9 அன்று, சான்பிரான்சிஸ்கோ பயிற்சியில் 72 அடிப் படகு ஒன்று கவிழ்ந்து உடைந்ததில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்தார். அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. அவர் நண்பர்கள் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வசதியில்லாத பிள்ளைகளையும் படகில் ஏற்றுகிறார்கள். ஐன்ஸ்லியும் அதில் ஒருவர். 2005ல் தனியாளாக 71 நாளில் உலகைச் சுற்றிய எலன் மக்கார்தர், புற்றுநோயிலிருந்து மீளும் இளைஞர்களைப் படகில் அழைத்துப் போக ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார். சாம்பியன்கள் இதற்கெல்லாம் மேடையேறிப் பேசி நிதி திரட்டுவது விளம்பரத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பணம் இல்லாவிட்டால் கால்வைக்க முடியாத விளையாட்டு இது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

## யார் ஏறுவார்கள்?

பார்சிலோனாவில் 2024ல் பெண்களுக்கான அமெரிக்கா கோப்பைப் பந்தயம் முதன்முறையாக நடந்தது. நம் பக்கத்திலும் கதவு திறந்துதான் இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு சேர்ந்து 'தாரிணி' படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். இருவர் மட்டும், பாயை நம்பி.

ஆனால் பாய்மரப் பந்தயம் பார்க்க மதுரைக்காரர்கள் பார்சிலோனா போக வேண்டியதில்லை. தொண்டி சாலையில் ஏறிக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கடல் வரும். அந்தக் கரையோர ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறார்கள். ஏறி ஓட்டுபவர்கள் மீனவர்கள். பாயின் கீழ்முனையைப் பிடித்திழுக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். காற்று கூடும்போது விட்டும் குறையும்போது இறுக்கியும் பாயின் சாய்வை நொடிக்கு நொடி மாற்றுவது அந்தக் கயிறுதான். படகு கவிழாமல் இருக்க, குறுக்கே நீட்டிய பலகையின் நுனியில் ஆள் போய் நிற்பார். பாய் ஒரு பக்கம் சாய்க்க, ஆளின் எடை மறுபக்கம் சாய்க்கும். ஒலிம்பிக் மாலுமிகள் கயிற்றில் தொங்கி உடலை வெளியே நீட்டுவதும் இதே கணக்குத்தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்தே பழகியவர்கள் பிள்ளைகளுக்கு, பள்ளி விடுமுறையில் ஒரு சிறு பந்தயப் படகும் நீர்ச்சிறகும் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அமெரிக்கா கோப்பை அடுத்து 2027ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் நடக்கிறது. அதற்கடுத்த பத்தாண்டில் நடக்கும் ஏதோ ஒரு பந்தயத்தில் மோர்ப்பண்ணைப் பிள்ளை ஒருத்தி சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தெப்பக்குளத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். தங்கை மகன் வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினான். இந்த முறை அவன் படகைப் பார்க்கவில்லை. கரையில் ஆடிய கொடியையும், பாயின் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, காத்து இந்தப் பக்கத்துல இருந்துதான வருது? அப்ப அடுத்து இவிங்க இடப்பக்கம் திருப்பணும்" என்றான்.

இரண்டு நொடி கழித்துப் படகு இடப்பக்கம் திரும்பியது.